இமயமலையில் போல்டரிங் இடம் தேடுவது: கேள்வி பதில்

கயிறு இல்லாமல், கீழே கிராஷ் பேட் என்ற தடித்த மெத்தையை விரித்து, நாலைந்து மீட்டர் உயரப் பாறாங்கற்களில் ஏறுவதுதான் போல்டரிங். ஹிமாச்சலின் உயரமான பள்ளத்தாக்குகளில் அதற்கு இடம் தேடுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து: அக்கா, இதுவரை ஏறியது கிளைம்பிங் ஜிம்மிலும் ஹம்பியிலும்தான். இமயமலையில் எங்கே தொடங்கலாம்?

சந்திரா நதிக்கரையில் இருக்கும் சத்ரூவில் தொடங்குங்கள். லாஹௌல் பக்கம், ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து ரோஹ்தாங் கணவாய் ஏறி இறங்கத் தேவையில்லை. சுரங்கம் தாண்டி கோக்சர், கிராம்பூ வழியாகப் போய்விடலாம். ஹம்ப்தா கணவாய் மலையேற்றம் முடிகிற இடமும் அதுதான். புல்வெளியில் கற்கள் சிதறிக் கிடக்கும். எளிதானது, கடினமானது எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும்.

இன்னொரு இடம் கின்னௌரில் பாஸ்பா நதியோரம் உள்ள ரக்சம் கிராமம். ஆஸ்திரிய ஏறுநர் பெர்ண்ட் ஸாங்கெர்ல் பல முறை வந்து ஏறிய பிறகு வெளியுலகம் கவனித்த இடம். கிரானைட் அருமையாக இருக்கும். ஆனால் முதல் பயணத்துக்கு நான் சத்ரூவைத்தான் சொல்வேன்.

பெங்களூரிலிருந்து: யாரும் தொடாத புது இடம் தேட ஆசை. கூகுள் எர்த்தில் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. எதைப் பார்ப்பது?

புள்ளிகளை எண்ணுவதற்கு முன்னால், அந்தக் கல் அங்கே எப்படி வந்தது என்று பாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

மேலே செங்குத்துப் பாறை, கீழே கற்சரிவு என்றால் அது உருண்டு விழுந்த கல். சின்னக் கற்கள் சரிவின் இடுக்குகளில் சிக்கி மேலேயே நின்றுவிடும். பெரியவைதான் அடிவாரம் வரை ஓடிவரும். அதனால் சரிவு முடிந்து தரை சமமாகிற விளிம்பைத் தேடுங்கள். ஏறத் தகுந்த அளவுக் கற்களும் ஓரளவு நல்ல தரையும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான்.

பாறைச்சுவர் எதுவும் அருகில் இல்லாத மேட்டிலோ புல்வெளியிலோ பெரிய கல் தனியாக நின்றால், அதைப் பெரும்பாலும் பழைய பனியாறு கொண்டுவந்து விட்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தவை இவை. மேலிருந்து எதுவும் விழாது, கீழே புல்தரை. மூன்றாவது வகை, ஆற்றுப்படுகைக் கற்கள். தண்ணீர் தேய்த்துத் தேய்த்துப் பிடிகள் வழுக்கலாகிவிடும், வெள்ள அபாயமும் உண்டு. நான் அநேகமாக விட்டுவிடுவேன்.

அப்புறம் நிழல். மேலிருந்து அகலமாகத் தெரிகிற கல், தரையோடு தரையாகப் படுத்த பலகையாகவும் இருக்கலாம். உயரத்தைச் சொல்வது நிழல்தான். பக்கத்துச் சாலையில் ஒரு லாரி தெரிந்தால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள், அகலம் சுமார் 2.5 மீட்டர். பழைய படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பனி பாதி உருகிய மாதத்துப் படத்தில் உயரமான கற்கள் வெள்ளைக்கு நடுவே கறுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியும். பழைய படத்தில் இல்லாத கல் புதிய படத்தில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அங்கே இன்னும் கல் விழுந்துகொண்டிருக்கிறது.

கோவையிலிருந்து: நேரில் போய் நின்ற பிறகு கல் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, மேலே இருக்கும் சரிவைப் பாருங்கள். கறுத்த பாறைச்சுவரில் வெளிறிய புதுத் தழும்பு இருக்கிறதா? புல்லில் ஏதாவது விழுந்து தெறித்த குழி, அதன் ஓரத்தில் கூர்முனையோடு உடைந்த சில்லுகள் இருக்கின்றனவா? இருந்தால் கிளம்பிவிடுங்கள், கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அமெரிக்காவின் கொலராடோவில் கேயாஸ் கேன்யன் என்று உயர்மலை போல்டரிங்குக்குப் பேர்போன இடம் ஒன்று உண்டு. 2022 ஜூன் 28 அன்று மேலிருந்த மலைச்சரிவே பெயர்ந்து இறங்கியது. பிரபலமான இடம் என்பதால் மலை பொறுத்துக்கொள்ளாது.

அடுத்தது தரை. விழப்போகும் இடத்தில் கற்களுக்கு நடுவே பொந்து இருந்தால், மேலே பேட் போட்டாலும் கணுக்கால் போகும்.

கடைசியாகத்தான் கல். கல்பாசி படர்ந்திருந்தால் அந்த முகம் நெடுங்காலமாக அப்படியே வெயிலில் நிற்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு பிடியையும் உள்ளங்கையால் தட்டுங்கள். உறுதியான கல்லில் சத்தமே வராது, கைதான் வலிக்கும். டொக் டொக்கென்று வெற்றோசை வந்தால் அந்தத் தகடு தாய்ப்பாறையிலிருந்து பிரிந்துகொண்டிருக்கிறது. பகலில் விரிசலுக்குள் போன தண்ணீர் இரவில் உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். போன வருஷம் உறுதியாக இருந்த பிடியையும் இந்த வருஷம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கல்பாசியைத் தேய்த்து எடுத்துவிடலாமா?

கை, கால் படுகிற இடத்தில் மட்டும், மென்மையான பிரஷ்ஷால். கம்பி பிரஷ் கூடவே கூடாது. கல்லும் கெடும். கல்பாசி வருஷத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்கூட வளராது, சுரண்டினால் நம் ஆயுளில் திரும்ப வராது.

திருச்சியிலிருந்து: போன முறை மணாலியிலிருந்து நேராகப் போய் முதல் நாளே தலைவலி, குமட்டல். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதோ?

ஒத்துக்கொள்ளும், அவசரப்படாமல் போனால். மணாலி 2,000 மீட்டரை ஒட்டி இருக்கிறது. சுரங்கப்பாதை வந்த பிறகு ஒரு காலைப்பொழுதிலேயே 3,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம், உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. மணாலிக்கு மேலே சேத்தன் கிராமத்தில் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். அங்கேயும் ஏறக் கற்கள் உண்டு, நாள் வீணாகாது. 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்.

தலைவலியோடு இன்னும் மேலே போகவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, இரவு என்றும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர். லாஹௌல் மழைமறைவுப் பகுதி, பருவமழை குறைவுதான். ஆனாலும் நம்பிவிடக் கூடாது. 2023 ஜூலையில் சாலைகள் அடைபட்டு, சந்திரதால் ஏரிப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். செப்டம்பரில் மழை ஓய்ந்து, குளிரில் கல் கையில் நன்றாக ஒட்டும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் மாலையில் இடுப்பளவு வரும்.

மதுரையிலிருந்து: அங்குள்ள மக்கள் எதுவும் சொல்வார்களா?

நாம் நடந்துகொள்வதைப் பொறுத்தது. கோடையில் கத்தி (Gaddi) என்ற சமூகத்து இடையர்கள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். பெரிய கல்லின் அடியில் இடுப்பளவு சுவர் கட்டி, உள்ளே புகைக்கரி படிந்திருந்தால் அது ஒருவருடைய வீடு. அந்தச் சுவர்க் கல்லை எடுத்துத் தரையைச் சமப்படுத்தாதீர்கள். மந்திரம் செதுக்கிய மணிக்கற்கள், கொடி கட்டிய பாறைகள், இவற்றின்மேல் கால் வைக்கவே கூடாது. புதுக் கல் என்றால் பக்கத்துத் தாபாவில் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கே கல் உருளும், எந்த ஓடை திடீரென்று பெருகும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

தனியாகப் போகலாமா அக்கா?

வேண்டாம். குறைந்தது மூன்று பேர், மூன்று பேட். போன் சிக்னலை நம்ப முடியாது. கால் உடைந்தால் ஒருவர் கூட இருக்க வேண்டும், இன்னொருவர் சாலைக்கு ஓட வேண்டும். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.