மரம் ஏன் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. தினமும் தூங்கும் முன் கதை கேட்பாள். மரங்களைப் பற்றிய கதைகள் நல்ல குணத்தைக் கற்றுத்தரும் என்று அவற்றையே தேடிப்பிடித்துச் சொல்லிவந்தேன். போன வாரம், ஒரு மரம் தன் பழம், கிளை, அடிமரம் எல்லாவற்றையும் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வெறும் கட்டையாக நிற்கும் கதையைச் சொன்னேன். “பார், நாமும் மரம் மாதிரி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்” என்று முடித்ததும் அவள் அழத் தொடங்கிவிட்டாள். “மரம் ஏன் வேண்டாம்னு சொல்லல?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். இப்போது மரக்கதை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறாள். நான் சொன்ன விதம் தவறா? வேறு என்ன கதை சொல்லலாம்?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகள் அழுதாளே என்று வருந்தாதீர்கள். கதையை அவள் நன்றாகவே கேட்டிருக்கிறாள். நாம் பெரியவர்கள் அந்தக் கதையில் கொடை என்ற பெரிய சொல்லைப் பார்க்கிறோம். அவள் வெட்டுப்பட்ட மரத்தைப் பார்த்துவிட்டாள்.

எனக்கும் அந்தக் கதையோடு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. தன்னிடம் ஒன்றுமே மிஞ்சாத வரை கொடுப்பதுதான் அன்பு என்று ஒரு குழந்தையிடம், அதிலும் பெண் குழந்தையிடம், சொல்லிக்கொண்டே இருந்தால், நாளைக்கு யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லவே அவளுக்குக் கூசும். அதனால்தான் அவள் கேள்வி எனக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது. அதற்கு உண்மையான பதிலும் இருக்கிறது. மரம் ‘வேண்டாம்’ என்று சொல்லும். நன்றாகவே சொல்லும்.

காய் ஏன் துவர்க்கிறது, ஏன் புளிக்கிறது? உள்ளே விதை இன்னும் முற்றவில்லை. ‘இப்போது தொடாதே’ என்பதை மரம் அப்படித்தான் சொல்கிறது. விதை தயாரானதும் நிறம் மாறும், மணம் வரும், இனிப்பு ஏறும். ‘சரி, இப்போ வா’ என்று மரமே கூப்பிடுகிறது. பழம் தின்ற பறவை விதையை எங்கோ தொலைவில் கொண்டுபோய்ப் போடும். தாய் மரத்தின் அடியிலேயே எல்லா விதையும் விழுந்தால் நிழலில் முளைக்கும் கன்றுகளுக்கு வெயில் போதாதே! ஆக, பழம் கொடுப்பதில் மரத்துக்கும் ஒரு தேவை இருக்கிறது. வருகிறவருக்கும் வயிறு நிறைகிறது, மரத்தின் பிள்ளைகளும் ஊர் போய்ச் சேர்கின்றன. அப்புறம் முள், கிள்ளினால் வடியும் பால், கசக்கும் இலை, இவையெல்லாம் மரத்தின் ‘வேண்டாம்’கள்தான். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள். பொத்திய காதைத் திறந்துவிடுவாள் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்ன விதத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கதை முடிந்ததும் ‘பார், நாமும்…’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதோடு குழந்தை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. புயலில் விறைத்து நின்ற பெரிய மரம் வேரோடு சாய்ந்தது, வளைந்துகொடுத்த நாணல் பிழைத்தது என்ற பழைய கதையை ஒரு சிறுவனுக்குச் சொன்னேன். பணிவைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அதற்குள் அவன், “மரத்தில் இருந்த குருவியெல்லாம் எங்கே போச்சு?” என்றான். பணிவு அவனுக்கு இன்னொரு நாள் வரட்டும் என்று, அன்று இரவு முழுக்க இருவரும் குருவிகளுக்கு வீடு தேடினோம்.

வேறு என்ன சொல்லலாம் என்றால், கோடரிக் காம்புக் கதை உங்கள் மகளுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. ஒருவன் காட்டுக்குப் போய் மரங்களிடம் கெஞ்சுகிறான்: கோடரிக்குக் காம்பு இல்லை, ஒரே ஒரு சின்னக் கிளை போதும். மரங்கள் இரங்கிக் கொடுக்கின்றன. அந்தக் காம்பை மாட்டிக்கொண்டு அவன் காட்டையே வெட்டுகிறான். ஈசாப் கதைகளில் வருவது இது. மரங்கள் கூடிப் பேசும் இடத்தில் நிறுத்திவிட்டு, “நீ அந்தக் காட்டில் ஒரு மரமாக இருந்தால் என்ன சொல்வாய்?” என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

இன்னொன்று நம் நற்றிணையிலேயே இருக்கிறது, 172ஆம் பாட்டு. சிறுமிகள் விளையாட்டாக மணலில் ஒரு புன்னை விதையைப் புதைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றிச் செல்லமாக வளர்க்கிறார்கள். அம்மா சொல்கிறாள்: ‘உங்களைவிடச் சிறந்தது இது, உங்கள் தங்கை.’ பாட்டில் இதற்கு மேல் ஒரு காதல் கதை இருக்கிறது. அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம், தங்கை பக்கத்தில் நிற்கிறாள் அல்லவா! ஆறு வயதுக்கு முதல் பாதி போதும். இதில் மரம் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை, தியாகம் செய்யவில்லை. வீட்டில் ஒருத்தியாக வளர்கிறது, அவ்வளவுதான். நான் இத்தனை காலம் படித்த மரக்கதைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான்.

உங்கள் மகளுக்கும் இப்படி ஒரு மரத்தைக் காட்டிக்கொடுங்கள். அதன் அடிமரத்தில் அவள் தோள் உயரத்தில் ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். மரம் நுனியில்தான் உயரும். எத்தனை வருடம் போனாலும் அந்தத் தழும்பு அதே உயரத்தில் இருக்கும். அவள்தான் அதைத் தாண்டி வளர்ந்திருப்பாள்.

அப்புறம், அழவைத்த அந்தக் கதையை அப்படியே விட்டுவிட வேண்டாம். பல மரங்கள் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும், அடியில் வேர் உயிரோடு இருப்பதால். கட்டையின் ஓரத்தில் ஒரு நாள் சின்னதாக ஒரு தளிர் வந்தது என்று சொல்லுங்கள். அந்தப் பையன் மறுபடி வருகிறான். மரம் அவனிடம் என்ன சொல்லும் என்பதை உங்கள் மகள் சொல்லட்டும்.