இரண்டு அமைப்புகள், ஒரே கையேடு: எங்கே தொடங்குவது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தன்னார்வக் குழு, பாடசாலை ஆசிரியர்களுக்காக லிப்ரே ஆபிஸ் ரைட்டர் (ஆவணம் எழுதும் இலவச மென்பொருள்) கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறது. சென்னையில் இன்னோர் அமைப்பும் அதையே செய்கிறது. இனிச் சேர்ந்து எழுதுவோம் என்று பேசிவிட்டோம். நாங்கள் விக்கியில் எழுதுகிறோம், அவர்கள் கிட்டில் (Git, கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்). எந்தக் கருவிக்கு மாறுவது?

பதில்: கருவி பிறகு. இரு தரப்பும் எந்த உரிமத்தில் எழுதுகின்றன என்பதை முதலில் பாருங்கள். பாதி வேலை முடிந்த பிறகு உரிமச் சிக்கல் தெரியவந்தால், எழுதியதைத் திரும்ப எழுத வேண்டிவரும். நீங்கள் சிசி பை-எஸ்ஏ, அவர்கள் சிசி பை என்று வையுங்கள். இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள்: சிசி பைக்கு எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும்; எஸ்ஏ இருந்தால், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அவர்கள் பக்கத்தை நீங்கள் எடுத்துச் சேர்க்கலாம்; உங்கள் பக்கத்தை அவர்கள் சிசி பை என்று வெளியிட முடியாது. ஜிஎப்டிஎல் (குனு கட்டற்ற ஆவண உரிமம்) என்றால் இன்னும் கஷ்டம். விக்கிப்பீடியா 2009இல் அதிலிருந்து சிசி பை-எஸ்ஏவை முதன்மை உரிமமாக்க முடிந்தது, ஜிஎப்டிஎல் 1.3 விக்கிகளுக்குக் கொடுத்த தற்காலிக அனுமதியால்தான். அந்த அனுமதி அதே ஆண்டு ஆகஸ்ட் 1உடன் முடிந்துவிட்டது. இப்போது மாற்றுவதென்றால் எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். ஆட்கள் தொடர்பில் இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். என் தெரிவு சிசி பை 4.0. லிப்ரே ஆபிஸின் ஆங்கில வழிகாட்டிகளும் அந்த உரிமத்தில் கிடைக்கின்றன.

அடுத்தது பொறுப்பு. ஒரு பக்கத்தை ஒரே அமைப்புத்தான் திருத்த வேண்டும். மற்றது பிழை கண்டால் அங்கே அறிவிக்கட்டும், தன் பிரதியில் கைவைக்கக் கூடாது. எத்தனை நட்பு இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரு இடத்திலும் திருத்த விட்டால், சில மாதங்களில் உங்களிடம் இரண்டு கையேடுகள் இருக்கும்.

எல்லாப் பக்கத்தையும் பொதுவாக்கவும் வேண்டாம். தட்டச்சுப் பக்கத்தையே எடுங்கள். இங்கே ரெங்கநாதன் விசைப்பலகையில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே தமிழ்99. இரண்டையும் ஒரே பக்கத்தில் திணித்தால் எந்த ஆசிரியருக்கும் உதவாது. அட்டவணை, பக்க அமைப்பு, அச்சிடல் எல்லாம் பொது. விசைப்பலகை அவரவர் பாடு.

ஒவ்வொரு பக்கத் தலைப்பின் கீழும் ஒரு வரி இருக்கட்டும்: “பொறுப்பு: கொழும்பு. சரிபார்த்த பதிப்பு: லிப்ரே ஆபிஸ் 24.8.” புதிய பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினால், எந்தெந்தப் பக்கங்களை யார் பார்ப்பது என்று வட்ஸ்அப்பில் விசாரிக்கத் தேவையில்லை.

இனிக் கருவி. கிட்டையே மூலமாக வைத்து, அதனுடன் வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புக் கருவியை இணையுங்கள். உங்கள் ஆட்கள் ஆங்கில வழிகாட்டியை உலாவியில் மொழிபெயர்த்தால் போதும், வெப்லேட்டே கிட்டில் சேர்த்துவிடும். ஆங்கில மூலம் மாறினால், எந்த வாக்கியத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் குறித்துக் காட்டும். விக்கியை வாசிப்புக்கு மட்டும் விட்டு, திருத்தும் வசதியைப் பூட்டிவிடுங்கள்.

வெளியிடும்போது இரு அமைப்புகளின் பெயரோடு எழுதியவர்கள் பெயரையும் போடுங்கள். மாதக்கணக்கில் இரவில் இருந்து எழுதியவரின் பெயர் விடுபட்டால், அவர் அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டார்.

முழுக் கையேட்டையும் ஒரேயடியாக மாற்றாமல், அச்சிடல் அத்தியாயத்தை மட்டும் இந்த முறையில் முதலில் முடித்துப் பாருங்கள்.