தோட்டத்து விடுப்புக் கோரிக்கைகள் நின்றுபோவது பற்றி

குன்னூர் அலுவலகத்தாரின் கோரிக்கைகள் மேலாளருக்குச் சரியாகப் போகின்றன, கூடலூர்த் தோட்டத்து ஊழியர்களுடையவை மட்டும் பவர் ஆட்டோமேட்டில் (வேலைப் படிகளைத் தானாக ஓட்டும் மைக்ரோசாஃப்ட் சேவை) 404 பிழையோடு, அதாவது 'கிடைக்கவில்லை' என்று, நிற்கின்றன என்கிறீர்கள். உங்கள் ஃப்ளோவில், அதாவது அங்கே நீங்கள் அமைத்த படிவரிசையில், குறையில்லை. அதில் மேலாளரை எடுக்கும் 'கெட் மேனேஜர்' படி யாரையும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. நிறுவனத்தின் பயனர் கணக்குகள் இருக்கும் என்ட்ரா ஐடியில் அந்த ஊழியரின் 'மேனேஜர்' கட்டத்தில் இருப்பவரையே எடுத்துத் தரும். கட்டம் காலி என்றால் 404தான். தோட்டத்துக் கணக்கு ஒன்றைத் திறந்து பாருங்கள், அநேகமாக அதுதான் காரணம். நிர்வாகியிடம் சொல்லி எல்லாவற்றையும் நிரப்பச் செய்யுங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். பொது மேலாளருக்கு மேலே யாரும் இல்லை. அவர் விடுப்பு கேட்டாலும் இதே பிழை வரும். ஆகவே முதலில் ஒரு மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் இடம்) பணியாளர் நல அலுவலரின் முகவரியை வையுங்கள். மேலாளர் கிடைத்தால் மட்டும் அடுத்த படியில் அதை அவருடைய முகவரியாக மாற்றுங்கள். அதற்குப் பின் வரும் ஒப்புதல் படியின் 'ரன் ஆஃப்டர்' அமைப்பில் (முந்தைய படி எப்படி முடிந்தால் இது ஓடலாம் என்று சொல்வது) 'சக்ஸஸ்ஃபுல்', 'ஸ்கிப்டு' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், மேலாளர் கிடைக்காதபோது முகவரியை மாற்றும் படி தவிர்க்கப்படுவதால் ஒப்புதல் படி ஓடவே ஓடாது.