பெட்டி ஒன்று, சூடு மூன்று

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பாளையங்கோட்டைத் தெருக்களில் கேக் வாசனை கிளம்பிவிடும். அதற்கும் இரண்டு வாரம் முன்னாலேயே என் கடை வாசலில் ஓவன்கள் வரிசை கட்டி நிற்கும். பரணில் ஒரு வருஷமாகக் கிடந்ததை இறக்கித் தூசி தட்டி, “சூடே ஏற மாட்டேங்கு அண்ணாச்சி” என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். மிக்ஸி, கிரைண்டர், ஓவன் என்று இருபது வருஷத்துக்கு மேல் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டி தானாகக் கெட்டு வருவது குறைவு. எந்தப் பொத்தானை அமுக்கினால் எந்தச் சூடு வரும் என்று தெரியாமல் கெடுத்துக்கொண்டு வருவதுதான் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைச் சுற்றித்தான்.

பெருமாள்புரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: மகன் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வாங்கி அனுப்பியிருக்கிறான். மைக்ரோ, கிரில், கன்வெக்‌ஷன், காம்பி என்று நாலு பொத்தான் இருக்கிறது. எவர்சில்வர் வைக்கலாம் என்கிறாள் தங்கை, வெடித்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான் டீச்சர். ஆளுக்கொரு பொத்தானை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

‘மைக்ரோ’வில் நெருப்பே கிடையாது. மேக்னட்ரான் என்ற குழாய் 2450 மெகாஹெர்ட்ஸ் அலையை உள்ளே விடும். உணவில் இருக்கும் தண்ணீர் அந்த அலையை வாங்கித் தானே சூடாகும். கண்ணாடி, பீங்கான் வழியாக அலை புகுந்து போய்விடும். எவர்சில்வரும் அலுமினியமும் அலையைத் திருப்பி அடிக்கும். விளிம்பு கூராக இருந்தால் பொறி பறக்கும். கல்யாணப் பரிசாக வந்த, தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் இந்தக் கணக்கில் உலோகம்தான். மெலமைன் தட்டில் உலோகம் இல்லை, ஆனால் தட்டே சூடாகும். அதுவும் வேண்டாம்.

‘கிரில்’ என்றால் மேலே இருக்கும் ராட் காய்ந்து உணவின் மேல்பக்கத்தை முறுக வைக்கும். ‘கன்வெக்‌ஷன்’ என்றால் ராட் சூடாக்கிய காற்றை ஃபேன் உள்ளே சுழற்றும். இந்த இரண்டிலும் அலை இல்லை. அதனால் அலுமினிய கேக் டின், எவர்சில்வர் தட்டு எல்லாம் தாராளமாக வைக்கலாம். ஆனால் மைக்ரோவில் சமர்த்தாக இருந்த பிளாஸ்டிக் டப்பா, 200 டிகிரிக் காற்றில் உருகி வழிந்துவிடும். ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று அடியில் எழுதியிருப்பது அலைக்கு மட்டும்தான், ராடுக்கு இல்லை. ‘காம்பி’யில் அலையும் ராடும் இரண்டும் வேலை செய்யும். ஆகவே உலோகமும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரம்தான் சரி. கூடவே வந்த கம்பி ஸ்டாண்டைத் தனி மைக்ரோவில் வைக்காதீர்கள். காம்பியில் வைக்கலாமா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்தவர்களும் இரண்டு இடத்தில் விழுகிறார்கள். முதலாவது, ஸ்டார்ட் பொத்தான். நிறைய மாடல்களில் எதையும் தேர்ந்தெடுக்காமல் ஸ்டார்ட்டை அமுக்கினால் 30 நொடி முழு வேக மைக்ரோ ஓடும். கேக் முழுதாக வேகவில்லை, இன்னும் கொஞ்சம் விடலாம் என்று டின் உள்ளே இருக்கும்போதே ஸ்டார்ட்டைத் தட்டினால் என்ன ஆகும்? உள்சுவரில் கறுப்புப் பொட்டு விழுந்து என் கடைக்கு வரும். மறுபடி கன்வெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து, டிகிரியைப் போட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட். இரண்டாவது, கேக் எடுத்த கையோடு அதே பெட்டியில் பிளாஸ்டிக் டப்பாவில் குழம்பைச் சூடு பண்ணுவது. பொத்தானை மாற்றினாலும் சுவர் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அரை மணி நேரம் கதவைத் திறந்து போடுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகி: ஓடிஜியில் கேக் மேலே கருகுகிறது, நடுவில் மாவாகவே இருக்கிறது. குமிழில் இருக்கும் படங்களுக்கு அர்த்தம் என்ன?

ஓடிஜி என்றால் ஓவன், டோஸ்டர், கிரில்லர் மூன்றும் சேர்ந்த பெட்டி; அலை கிடையாது, ராட் சூடுதான். குமிழில் மேல்கோடு மட்டும் இருந்தால் மேல் ராட், கீழ்க்கோடு இருந்தால் கீழ் ராட், இரண்டும் இருந்தால் இரண்டும். விசிறிப் படம் காற்றைச் சுழற்றுவதற்கு. கம்பியில் கோழி சுற்றுகிற படம் சுழலும் கம்பிக்கு. உங்கள் கேக்குக்கு மேல் ராட் மட்டும் ஓடியிருக்கும், இல்லாவிட்டால் டின் மேல் தட்டில் இருந்திருக்கும். நடுத் தட்டில் வைத்து இரண்டு ராடும் போடுங்கள். விசிறியும் ஓடினால் சமையல் குறிப்பில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கேக்குக்கு 170, 180 என்றால், பழமும் முந்திரியும் நிறைந்த கிறிஸ்துமஸ் கேக்குக்கு 150 போதும், நேரம்தான் கூடும். தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களுக்கும் இதே பதில்தான். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் வேகக்கூடாது, உலரவேண்டும். 100, 110 டிகிரியில் மணிக்கணக்கில் பொறுமையாக விட்டால்தான் வெள்ளையாக நிற்கும்.

டைமரில் ‘ஸ்டே ஆன்’ என்று ஒரு இடம் இருக்கிறதே, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அங்கே வைத்தால் பெட்டி தானாக அணையாது. அதில் போட்டுவிட்டு ராத்திரி ஆராதனைக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். கேக் கரிக்கட்டையானதோடு தப்பித்தார்கள், பக்கத்தில் திரைச்சீலை இல்லாததால். ஓடிஜியின் வெளித்தகடும் கதவுக் கண்ணாடியும் கையைச் சுடுகிற அளவு காயும். பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு சாண் இடம் விடுங்கள், மேலே பேப்பர், துணி எதுவும் வேண்டாம். அடித்தட்டில் சுத்தமாக இருக்கட்டும் என்று அலுமினியத் தாள் விரிப்பதும் வேண்டாம். தாள் ராடைத் தொட்டால் வம்பு. உதிர்ந்த தூளை ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டாலே போதும்.

திசையன்விளை வாசகர்: ஓடிஜி போட்டால் ஒயர் சூடாகிறது, பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது. பழைய வீடு. ஓவன் கோளாறா?

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் அண்ணாச்சி. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

ஓடிஜி 2000 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். உங்கள் வீட்டுச் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்குச் செய்தது. ஓவனோடு வரும் பெரிய பிளக் அதில் நுழையாது. அது நுழையாமல் இருப்பதே ஒரு எச்சரிக்கைதான். நாம் என்ன செய்கிறோம்? ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி அதை நுழைத்துவிடுகிறோம். ஒயர் சூடாகாமல் என்ன செய்யும்? 16 ஆம்பியர் பாயிண்ட், போர்டிலிருந்து தனியாக இழுத்த, குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச், இவ்வளவும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓவனை மாட்டவே கூடாது, அதிலும் ஃப்ரிட்ஜோடு சேர்த்து.

சுரீர் என்பது வேறு விஷயம், அதைவிட மோசம். ராடுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஓவனில் இதனால் கரண்ட் கொஞ்சம் தகட்டுக்குக் கசியும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகும். உங்கள் பக்கம் தேரிமண் வேறு, மழை பெய்த அன்றைக்குச் சாயங்காலமே காய்ந்து கிடக்கும். காய்ந்த மண்ணில் எர்த் குழி ஒழுங்காக வேலை செய்யாது. கரியும் உப்பும் போட்ட குழி இருந்தால் வெயில் காலத்தில் அதில் தண்ணீர் ஊற்றுங்கள், எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பாருங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போர்டில் இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். ஓவன் போட்டதும் அது ‘டிரிப்’ ஆனால், தொல்லை என்று அதைக் கழற்றிவிடாதீர்கள். கசிவைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அதன் வேலை.

மேலப்பாளையம் வாசகர்: கிரில்லில் கோழி போட்டால் வீடு முழுக்கப் புகை. கதவைத் திறந்து வைத்து கிரில் செய்யலாமா?

கதவை மூடுவதா, லேசாகத் திறப்பதா என்பதைக் கையேட்டின்படிதான் செய்யவேண்டும். மேசைமேல் வைக்கும் ஓடிஜி பெரும்பாலும் மூடிவைத்து ஓட்டுவதற்குச் செய்தது. திறந்துவைத்தால் மேலே இருக்கும் குமிழ்கள் உருகியதைப் பார்த்திருக்கிறேன். புகைக்குக் காரணம் கதவு இல்லை, கொழுப்பு. சொட்டுகிற எண்ணெய் கீழ் ராடில் விழுந்தால் புகையாமல் என்ன செய்யும்? மேல் ராட் மட்டும் போடுங்கள், கம்பிக்குக் கீழே தட்டு வைத்து அதில் இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். ஊறவைத்த மசாலா வழிய வழிய வைக்காமல் வடித்து வையுங்கள்.

கிரில்லில் மேல்பக்கம் அழகாகச் சிவந்துவிடும், எலும்பு ஓரம் பச்சையாக இருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். தடிமனான துண்டின் நடுவே 75 டிகிரி வரவேண்டும். உணவு வெப்பமானி முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உள்ளே தீப்பிடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, மூடியபடியே விடுங்கள். காற்றுக் கிடைக்காமல் தீ தானே அடங்கும். பதறிப்போய்க் கதவைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதுதான் ஆபத்து.

திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு மருமகள்: அல்வாவை மைக்ரோவில் சூடு பண்ணினேன். பொறி பறந்தது. அல்வாவிலா இரும்பு இருக்கிறது?

அல்வாவில் இல்லை தாயி, பொட்டலத்தில் இருந்திருக்கும். ஸ்டேப்ளர் பின், வெள்ளிநிறத் தாள் ஒட்டிய அட்டை, இரண்டில் ஒன்று. வாழையிலையில் மடித்துத் தந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பொட்டலத்தைப் பிரித்து பீங்கான் கிண்ணத்தில் போட்டு, பத்து நொடி, அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து நின்றுவிடும். சர்க்கரைப் பாகும் நெய்யும் அதைத் தாண்டிப் போகும். மேலே தொட்டால் இளஞ்சூடு, உள்ளே நாக்கைப் பொத்துப்போக வைக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் கிளறி ஆறவிடுங்கள். என்னைக் கேட்டால் சுடச்சுட அல்வா வேண்டுமென்றால் கடை வாசலில் நின்று சாப்பிடுவதுதான்.

கல்லிடைக்குறிச்சி: எண்ணெய் இல்லாமல் அப்பளம்?

மைக்ரோவில் நன்றாக வரும். ஒன்றொன்றாக வையுங்கள், 30 நொடியிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் பொரிந்துவிடும். பக்கத்தைவிட்டு நகரக்கூடாது. ஈரம் இல்லாத பண்டம் சட்டென்று கருகும். ஆனால் எண்ணெய்ச் சட்டியை மைக்ரோவில் வைத்துப் பொரிக்க நினைக்க வேண்டாம்.

வீரவநல்லூர் வாசகி: சொதியைச் சூடுபண்ணினால் திரிந்துபோகிறது. பவர் லெவல் என்றால் என்ன?

தேங்காய்ப்பால் முழு வேகத்தைத் தாங்காது. பவர் 50 என்று போட்டால் பெரும்பாலான பெட்டிகளில் அலையின் பலம் குறைவதில்லை. கொஞ்ச நேரம் அலை, கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாற்றி மாற்றி விடும். அந்த ஓய்வில் சூடு பரவும். பாதி வேகத்தில் வைத்து, நடுவில் ஒரு முறை கிளறி, எடுத்தபின் இரண்டு நிமிஷம் அப்படியே விடுங்கள். ‘டிஃப்ராஸ்ட்’டும் இதே தந்திரம்தான், இன்னும் நீண்ட ஓய்வோடு. உறைந்த மீனை அதில் இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும், ஓரம் ஏற்கெனவே வேக ஆரம்பித்திருக்கும். ராத்திரி முழுக்க வெளியே கிடந்த கூட்டாஞ்சோற்றை மட்டும் எந்த வேகத்திலும் காப்பாற்ற முடியாது. சோற்றில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. மிஞ்சியதைச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அப்புறம், முட்டையை ஓட்டோடு வைக்காதீர்கள், வெடிக்கும். வெறும் தண்ணீரை வழவழப்பான கண்ணாடி டம்ளரில் ரொம்ப நேரம் விட்டால் கொதித்தது தெரியாமலே 100 டிகிரியைத் தாண்டி நிற்கும். டீத்தூளைப் போட்டதும் பொங்கி முகத்தில் தெறிக்கும். உள்ளே ஒரு மரக்கரண்டி போட்டு வைத்தால் போதும்.

சேரன்மகாதேவி: புது கண்ணாடிப் பாத்திரம் வெளியே எடுத்ததும் உடைந்துவிட்டது. கம்பெனி மோசமா?

எங்கே வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஈரமான கடப்பாக்கல்லில் என்று நினைக்கிறேன். என் மாமியார் வீட்டிலும் அப்படித்தான் ஒன்று போனது. மரப்பலகையிலோ மடித்த உலர்ந்த துணியிலோ வையுங்கள். பிடிதுணியும் உலர்ந்திருக்கவேண்டும். ஈரத்துணி அடுப்பில் பழகிய கைக்குச் சரி, 200 டிகிரிப் பாத்திரத்தில் அந்த ஈரம் ஆவியாகி விரலைச் சுட்டுவிடும்.

தச்சநல்லூர் இளைஞர்: மைக்ரோவேவில் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடு ஏறவில்லை. வீடியோ பார்த்து நானே கழற்றலாமா?

வேண்டாம் தம்பி. ஓடிஜி என்றால் ராட் மாற்றக் கற்றுக்கொள் என்பேன். மைக்ரோவேவ் வேறு. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கும் மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆளைக் கொல்லும். கதவுக் கொக்கி உடைந்து, அழுத்திப் பிடித்தால்தான் ஓடுகிறது என்றாலும் ஓட்டக்கூடாது. கதவு சரியாக மூடினால்தான் அலை உள்ளேயே நிற்கும்.

நீ சொல்கிற அறிகுறிக்கு ஹைவோல்ட்டேஜ் ஃப்யூஸோ டயோடோ போயிருக்கலாம், மேக்னட்ரானே போயிருந்தால்தான் செலவு. காலியாக ஓட்டினாயா என்று வீட்டில் விசாரித்துவிட்டு வா. பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஆனால் டிசம்பர் பத்துக்கு முன்னால் வந்துவிடு, அதற்குப் பிறகு கடையில் கால் வைக்க இடம் இருக்காது.