ராஜினாமாவுக்கு முன் கடைசித் தவணையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. நகரமைப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. வார இறுதிகளில் குடியிருப்புவாசிகளோடு சேர்ந்து சுவரோவியம், தெரு நாடகம் என்று இருப்பேன். இரண்டையும் சேர்த்து அதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. இப்போது ஓர் அமைப்பு 14 மாத ஒப்பந்தம் தருகிறது. ஒரு பழைய குடியிருப்பின் பொது இடங்களை அங்குள்ள மக்களோடு சேர்ந்து திட்டமிட்டு, கலையால் மாற்ற வேண்டும். தொகை என்னுடைய 13 மாதச் செலவுக்குச் சமம். வீட்டுக் கடன் தவணை, அம்மாவின் மருந்து எல்லாம் அந்தச் செலவில் அடக்கம். 30 சதவீதம் முன்பணம், பாதி வேலையில் 40, இறுதி அறிக்கையை ஏற்ற பிறகு 30. பொருள் செலவுக்குப் பில் கொடுத்தால் தனியாகத் தருவார்கள். கையில் 7 மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. வேலையை விடலாமா? பொதுக்கலையில் முதுகலை படிக்கக் கடன் வாங்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். உதவித்தொகை கிடைத்தால் யோசிக்கலாம். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முடித்துக் கொடுத்த இடங்களைத்தான் பார்க்கிறார்கள். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். 13 மாதப் பணம், 7 மாதச் சேமிப்பு, ஆக 20. வேலையோ 14 மாதம்தான். மேலோட்டமாகப் பார்த்தால் தாராளம். நீங்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எவ்வளவு வருகிறது என்பதை விட்டுவிட்டு, எப்போது வருகிறது என்று ஒரு தாளில் மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள்.

முன்பணம் ஏறக்குறைய 4 மாதச் செலவுக்கு வரும். சேமிப்போடு சேர்த்து 11. ஏழாவது மாதத்தில் கையில் 4 மிச்சம். அன்றே இரண்டாம் தவணை வந்தால் கூட 5 சேரும், ஆக 9. பதினான்காவது மாதம் வேலை முடியும்போது 2. அதன் பிறகு அறிக்கை எழுத வேண்டும், அவர்கள் படிக்க வேண்டும், திருத்தம் சொல்ல வேண்டும், கணக்குப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு இரண்டு மாதம் என்று வைத்தாலே பதினாறாவது மாதம் உங்கள் கணக்கில் பூஜ்யம். இத்தனைக்கும் வரியை நான் சேர்க்கவில்லை. இப்போது நிறுவனம் கட்டும் மருத்துவக் காப்பீட்டை இனி நீங்களே கட்ட வேண்டும், அதையும் சேர்க்கவில்லை. பெயின்ட்டும் சாரமும் உங்கள் கைக்காசில் வாங்கிவிட்டு, பில் கொடுத்துக் காத்திருப்பதையும் சேர்க்கவில்லை.

தாமதம் உங்களால் வராது, அதுதான் இதில் எரிச்சலூட்டும் விஷயம். சுவரின் உரிமையாளர் சம்மதக் கடிதம் தர இழுப்பார், அனுமதிக் கோப்பு எந்த மேசையிலாவது தூங்கும், மழை வரும். இரண்டாம் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனால் மற்ற எல்லாமே தள்ளிப்போகும். உங்கள் வீட்டுக் கடன் தவணை மட்டும் தள்ளிப்போகாது.

அடுத்தது நாள் கணக்கு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சுவரோவியக் கலைஞரின் டைரியை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். சுவரைச் சுரண்டி, விரிசல் அடைத்து, ப்ரைமர் அடிக்க 4 நாள். ஓவியம் 11 நாள். இந்த 15 நாளுக்குத்தான் அவர் பில் போட்டிருந்தார். ஆனால் அதே டைரியில் 14 மாலைக் கூட்டங்கள் இருந்தன, அதாவது 7 முழு நாள். அனுமதிக்காக அலைந்தது நாலரை நாள். அறிக்கைக்கும் கணக்குக்கும் 5. திறப்பு விழா வேலை இரண்டரை. கூட்டினால் 34 நாள். 34 நாள் உழைத்து 15 நாள் கூலி வாங்கியிருக்கிறார். "கூட்டமெல்லாம் வேலையா சார், பேசத்தானே போனோம்" என்றார். உங்கள் நிறுவனத்தில் அதே கூட்டத்துக்குப் போனால் 'மக்கள் கருத்துக் கேட்பு' என்ற தலைப்பில் மணிக்கணக்கில் பில் போகிறது, இல்லையா? பேச்சு ஒன்றுதான். யாருடைய பட்ஜெட்டில் அது உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

உங்களுக்குச் சாதகமான விஷயமும் இதுதான். கலைக்கான நிதி எப்போதும் சின்னது, முதலில் வெட்டப்படுவதும் அதுதான். கட்டுமானம், திட்டமிடல் பக்கம் இருக்கும் பணம் பெரியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1959-லேயே, நகர மறுசீரமைப்பு நிலத்தில் கட்டுபவர்கள் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. பிறகு பல நகரங்கள் இந்த வழிக்கு வந்தன. (அந்தப் பணம் பெரும்பாலும் சிலையாகவும் சிற்பமாகவும் நின்றுவிடுகிறது, மாலைக் கூட்டங்களுக்கு வருவது அபூர்வம் என்பது என் பழைய மனக்குறை.) அதனால் உங்களை 'திட்டமும் தெரிந்த கலைஞர்' என்று விற்காதீர்கள். 'கலை வழியாக மக்களிடம் கருத்துக் கேட்கத் தெரிந்த நகரமைப்பாளர்' என்று விலை சொல்லுங்கள்.

உங்களுக்கு முன் இந்த வழியில் போனவர்களையும் கொஞ்சம் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஜேம்ஸ் ரோஹாஸ், பொம்மை, பொத்தான், பழைய டப்பா மாதிரிப் பொருட்களைக் கொடுத்து மக்களையே தெரு மாதிரிகளைச் செய்ய வைப்பவர். அவர் பல ஆண்டுகள் அங்குள்ள போக்குவரத்து அமைப்பில் சம்பளத்துக்கு நகரமைப்பாளராக இருந்தார். சிகாகோவின் தியாஸ்டர் கேட்ஸ் நகரமைப்பும் மட்பாண்டக் கலையும் படித்தவர். அவரும் ஒரு காலத்தில் அந்நகரப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர்தான். பாழடைந்த வங்கிக் கட்டடம் ஒன்றை நகர நிர்வாகத்திடம் ஒரு டாலருக்கு வாங்கினார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அதைப் பழுதுபார்க்க, அதே கட்டடத்தின் பளிங்குப் பலகைகளைக் கடன் பத்திரம் போல வெட்டி, ஒன்று 5,000 டாலர் என்று விற்றதையும் நான் சேர்த்துச் சொல்வேன். 2015-இல்தான் கட்டடம் திறந்தது. மியர்ல் லேடர்மன் யூகிலஸ் 1977 முதல் நியூயார்க் துப்புரவுத் துறையின் கலைஞராக இருந்தார், 8,500 துப்புரவுத் தொழிலாளர்களிடம் கைகுலுக்கி நன்றி சொன்னார். மகத்தான வேலை, ஆனால் அது சம்பளமில்லாத பதவி. அப்படி ஒரு கௌரவம் உங்களைத் தேடி வந்தால், வீட்டுக் கடன் முடிந்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒப்பந்தத்தை விட வேண்டாம், இப்போது இருக்கும் வடிவத்தில் கையெழுத்தும் போட வேண்டாம். முதலில் உங்கள் நிறுவனத்திடம் பேசுங்கள். வாரம் இரண்டு நாள் வேலை, அல்லது காப்பீடு தொடர்வதாக இருந்தால் சம்பளமில்லா விடுப்பு என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஒப்பந்தத்தை நிறுவனமே எடுத்து, உங்களைப் பொறுப்பாளராகப் போட முடியுமா என்றும் கேளுங்கள். ஒன்பது ஆண்டு ஆளை இழக்க யாருக்கும் மனம் வராது. வாரத்தில் இரண்டு நாள் சம்பளம் வந்தாலே, நான் மேலே சொன்ன பூஜ்யம் வராது.

அந்த அமைப்பிடம் கேட்க வேண்டியது வேறு. பொருள் செலவுக்குத் தனி முன்பணம் வேண்டும். தவணையை இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள், கடைசிக்கு 10 சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அறிக்கை கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ஏற்றதாகப் பொருள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூட்டங்களின் எண்ணிக்கையை எழுதிவிட்டு, அதற்கு மேல் போனால் நாள் கட்டணம் என்று போடுங்கள். அந்த நாள் கட்டணம் உங்கள் இப்போதைய ஒரு நாள் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது. சொந்தத் தொழிலில் ஆண்டுக்கு 240 நாள் உழைத்தால் 120 நாளுக்குத்தான் பில் போட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான்.

அப்புறம், சாரத்தில் ஏறப்போகிறீர்கள், உங்களோடு அந்தப் பகுதிப் பிள்ளைகளும் ஏறுவார்கள். விபத்துக் காப்பீட்டின் கட்டணம் யார் பெயரில், எந்தத் தலைப்பில் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இதெல்லாம் ஒத்துவந்து வேலையை விடுவதே வழி என்றானாலும், முன்பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு ராஜினாமா கடிதத்தில் தேதி போடுங்கள்.