சர்வே பிளான் புள்ளியாக வருகிறது, லேஅவுட்டில் டைமென்ஷன் மறைகிறது: ஆட்டோகேடில் எதை முதலில் சரிசெய்வது?

கேட்டது இரண்டு: சர்வேயர் கொடுத்த கோப்பை எக்ஸ்ரெஃப்பாக (வெளிக் கோப்பை நம் வரைபடத்தில் இணைத்துக் காட்டும் வசதி) இணைத்தால் வீட்டு பிளான் பக்கத்தில் புள்ளியாக நிற்கிறது, ஏ1 லேஅவுட்டின் (அச்சுக்கான தாள் பக்கம்) 1:100 வியூபோர்ட்டில் (மாடலை, அதாவது நிஜ அளவில் வரையும் இடத்தை, தாளில் காட்டும் சாளரம்) டைமென்ஷன், அதாவது அளவுக் குறிப்பு, தெரியவில்லை. முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். யூனிட் பிசகிய கோப்பில் அனோட்டேஷன் ஸ்கேலை (எழுத்து, டைமென்ஷன் அளவைத் தீர்மானிக்கும் ஸ்கேல்) எப்படி வைத்தாலும் பிசகும்.

இங்கே மலேசியாவில் கட்டட பிளான் மில்லிமீட்டரில் வரையப்படும், நில அளவைப் படம் மீட்டரில் வரும். பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு வேலை என்றால் அடிக்கணக்குப் பிளானும் சேர்ந்துகொள்ளும். எனவே நிஜ அளவு தெரிந்த ஒன்றை ‘டிஸ்ட்’ கட்டளையால் அளந்து பாருங்கள். 22க்கு 75 அடி தெராஸ் வீட்டு மனையின் முகப்பு 6706 என்று வந்தால் கோப்பு மில்லிமீட்டரில் இருக்கிறது. 6.706 வந்தால் மீட்டர், 22 வந்தால் அடி, 264 வந்தால் அங்குலம்.

பலரும் தடுக்குவது ‘யூனிட்ஸ்’ பெட்டியில்தான். அங்கே இன்செர்ஷன் ஸ்கேலை (கோப்பு எந்த யூனிட்டில் உள்ளது என்ற குறிப்பு) மாற்றினால் ஒரு கோடும் நீளாது, சுருங்காது. அது டப்பாவின் மேல் ஒட்டும் லேபிள் மட்டுமே. உள்ளே இருப்பது மீட்டராக இருக்க, லேபிளில் மில்லிமீட்டர் என்று போட்டால் எக்ஸ்ரெஃப் 1000 மடங்கு சிறுத்துத்தான் வரும். சர்வே கோப்பில் அந்த லேபிளின் கட்டளையான ‘இன்ஸ்யூனிட்ஸ்’ 6 (மீட்டர்), உங்கள் கோப்பில் 4 (மில்லிமீட்டர்) என்று வைத்துச் சேமியுங்கள். பிறகு பழைய எக்ஸ்ரெஃப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக இணையுங்கள், பெருக்கலை மென்பொருளே செய்துகொள்ளும். சர்வே கோப்பைக் கையால் ஸ்கேல் செய்ய வேண்டாம். அதன் ஆயத்தொலைவுகள் கெட்டால், தளத்தில் தூண் குறிக்க அந்தக் கோப்பு உதவாது.

‘மெஷர்மென்ட்’ என்ற அமைப்பு 1 (மெட்ரிக்) ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். 0 என்றால் ஹேட்ச் (நிரப்புக் கோலம்), லைன்டைப் (கோட்டு வகை) இரண்டும் அங்குலக் கோப்பிலிருந்து வரும், 25.4 மடங்கு வேறுபடும். மதிப்பை மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஏற்றிய லைன்டைப்பை மீண்டும் ஏற்ற வேண்டும்.

இனி எழுத்து. டெக்ஸ்ட் ஸ்டைலில் ‘அனோட்டேட்டிவ்’ (ஸ்கேலுக்கு ஏற்ப அளவு தானே மாறும் வசதி) குறியிட்டு, பேப்பர் உயரம் 2.5 என்று கொடுங்கள். 1:100இல் அது மாடலில் 250 ஆகத் தானே வளரும். பழைய பழக்கத்தில் அந்தப் பெட்டியில் 250 என்று அடித்தால் எழுத்து 25 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். டைமென்ஷன் ஸ்டைலிலும் அனோட்டேட்டிவ் போட்டதும் ‘டிம்ஸ்கேல்’ (டைமென்ஷனின் மொத்தப் பெருக்கல் மதிப்பு) 0 ஆகிவிடும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

டைமென்ஷன் மறைவது பெரும்பாலும் அந்த டைமென்ஷனுக்கு 1:100 என்ற ஸ்கேலே சேர்க்கப்படாததால்தான். மாடலில் 1:50 வைத்து வரைந்திருப்பீர்கள். டைமென்ஷன்களைத் தேர்ந்தெடுத்து ‘ஆப்ஜெக்ட்ஸ்கேல்’ மூலம் 1:100ஐச் சேருங்கள். ‘அனோஆட்டோஸ்கேல்’ வசதியை இயக்கினால் நீங்கள் மாற்றிப் பார்க்கும் ஒவ்வொரு ஸ்கேலும் பொருள்களில் ஒட்டிக்கொள்ளும். அதை அணைத்து வைப்பதே என் பரிந்துரை. வியூபோர்ட்டின் ஸ்கேலும் அதன் அனோட்டேஷன் ஸ்கேலும் ஒன்றாக இருக்கிறதா என்று கீழ்ப்பட்டையில் சரிபார்த்து, உடனே பூட்டுங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் மவுஸ் சக்கரம் ஒருமுறை உருண்டாலே ஸ்கேல் போய்விடும்.

மீட்டர் கோப்பிலேயே சைட் பிளான் வரைபவர்களுக்கு, பட்டியலில் உள்ள 1:500 உதவாது. ‘ஸ்கேல்லிஸ்ட்எடிட்’டில் புதிய ஸ்கேல் ஒன்றைச் சேர்த்து, பேப்பர் யூனிட் 1, டிராயிங் யூனிட் 0.5 என்று கொடுங்கள்; காகிதத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் அரை மீட்டர். பெயரை ‘1:500 மீ’ என்று வைத்தால் மற்றதோடு குழம்பாது.

புள்ளிக்கோடு முழுக்கோடாகத் தெரிந்தால் லைன்டைப் அளவை ஆளும் ‘எல்டிஸ்கேல்’, ‘எம்எஸ்எல்டிஸ்கேல்’, ‘பிஎஸ்எல்டிஸ்கேல்’ மூன்றையும் 1 ஆக்கி, படத்தைப் புதுப்பிக்க ‘ரீஜென்ஆல்’ கொடுங்கள்.

பிரிண்ட் கடைக்குப் பிடிஎஃப் அனுப்பும்போது பிளாட் ஸ்கேல் 1:1 இருக்கட்டும், ‘ஃபிட் டு பேப்பர்’ வேண்டாம். ஏ1ஐ ஏ3இல் எடுத்தால் 1:100 என்பது 1:200 ஆகிவிடும், 2.5 எழுத்து 1.25க்கு இறங்கும். ஏ3 பிரதியும் சைட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் எழுத்தை 3.5 ஆக வைத்து, டைட்டில் பிளாக்கில் ‘ஏ1இல் 1:100’ என்று தாள் அளவோடு எழுதி, ஒரு ஸ்கேல் பாரும் போட்டுவிடுங்கள்.