பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம் ஏன் இன்னும் கூரைக்கு வரவில்லை?

"கரைசலைப் பூசியே சூரிய மின்கலம் செய்துவிடலாம் என்கிறார்களே, பிறகு ஏன் கூரைகளில் இன்னும் சிலிக்கானே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பூசிச் செய்யும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளின் படலங்களோடு நான்கு ஆண்டுகள் ஆய்வகத்தில் கழித்தவன் நான். செய்வது எளிது என்பது உண்மைதான், காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

சுழலும் கண்ணாடித் தட்டில் மஞ்சள் கரைசலை விட்டு, சரியான நொடியில் சில சொட்டு குளோரோபென்சீன் என்ற கரைப்பானைச் சேர்த்து, 100 டிகிரி சூட்டுத் தட்டில் வைப்போம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படலம் கறுத்துப் பளபளக்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணம் எனக்கு அலுத்ததில்லை. தடிமன் அரை மைக்ரான்தான். சிலிக்கானையோ 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும்.

அந்தப் படலத்தில் ஈயமும் அயோடினும் கூண்டு கட்டி நிற்கின்றன. ஒளியை வாங்கி மின்னூட்டத்தைக் கடத்துவது இந்தக் கனிமக் கூண்டுதான். அது குலையாமல் இருக்க, உள்ளே அளவு பொருந்திய ஓர் அயனி உட்கார வேண்டும். நிலையான தனிமங்களின் நேர்மின் அயனிகளில் பெரியது சீசியம். அதுவும் இந்தக் கூண்டுக்குச் சிறியது, அறை வெப்பத்தில் படலம் மஞ்சளாகிவிடும். ஆகவேதான் மெத்தில் அமோனியம் என்ற கரிம அயனியைக் குடியேற்றினார்கள். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு அப்படிச் செய்த மின்கலம் ஒளியை மின்சாரமாக்கும் திறன் 3.8 சதவீதம். இன்று ஆய்வகச் சிறு கலங்களில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

ஆனால் மெத்தில் அமோனியம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. ஒரு மழைக்காலத்தில், உலர்பெட்டியின் சிலிக்கா மணிகள் ஈரம் உறிஞ்சி நிறம் மாறியிருந்ததைக் கவனிக்காமல் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை திறந்தபோது கறுப்புப் படலங்களின் ஓரமெல்லாம் மஞ்சள். கரிமப் பகுதி வெளியேறி, ஈய அயோடைடு மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்று வார உழைப்பு.

இப்போது ஃபார்மமிடினியம் என்ற இன்னொரு கரிம அயனியோடு கொஞ்சம் சீசியம் கலக்கிறார்கள். முன்னது கூண்டுக்குச் சற்றுப் பெரியது, பின்னது சிறியது. இரண்டும் சேர்ந்தால் பொருந்திக்கொள்கின்றன, சூட்டையும் மேலாகத் தாங்குகின்றன. மேலே நீண்ட கரிம வால் கொண்ட மூலக்கூறுகளை மெல்லப் பூசினால் ஈரமும் எளிதில் உள்ளே புகாது. 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் தாங்குகிறதா என்பது பலகைகளுக்கான வழக்கமான சோதனை. கூரையிலோ 25 ஆண்டுகள் நிற்க வேண்டும். இந்த ஆண்டே பலகை வைப்பதாக இருந்தால் சிலிக்கானையே வாங்குங்கள்.

ஈயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் நீரில் கரையக்கூடிய வடிவம். பலகை உடைந்தாலும் ஈயம் கசியாதபடி உறையிடாமல், இதை வீட்டுக் கூரையில் ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன்.